எல்லோரையும் மியூட் செய்துவிட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் தெரிந்தது. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ நடத்தும் ஆன்லைன் வகுப்பில் பாடம் நடக்கும்போது பையன்கள் சிலர் ஸ்கிரீனில் கிறுக்கினார்கள், பெயரை மாற்றி வைத்துக்கொண்டு சாட்டில் கண்டதையும் எழுதினார்கள், நீ எல்லோரையும் மியூட் செய்து சாட் பெட்டியையும் மூடிவிட்டாய். அந்த நிமிஷத்துக்கு அதுதான் சரி. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை மூடியே வைத்திருக்கிறாய். "இப்போ கிளாஸ் அமைதியா இருக்குப்பா" என்று வேறு சொல்கிறாய். பேசவும் முடியாமல் எழுதவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்தில் இன்னொரு டேபைத் திறந்துகொண்டு போயிருக்கும். உனக்கு அது தெரியக்கூட வழியில்லை.

பூட்ட வேண்டியதைப் பூட்டத்தான் வேண்டும். ஸ்கிரீன் ஷேர் உன்னிடம் மட்டும் இருக்கட்டும். ஸ்கிரீனில் எழுதும் வசதி, பெயர் மாற்றும் வசதி இரண்டையும் வகுப்பு தொடங்குமுன்பே நிறுத்தி வை. முன்பின் தெரியாதவர்கள் வகுப்புக்குள் புகுந்து கலாட்டா செய்தது பெரிதானபோது, 2020 ஏப்ரலில் ஸூம் நிறுவனமே பாஸ்கோடையும் வெயிட்டிங் ரூமையும் தானாக இயங்கும்படி மாற்றியது. வெயிட்டிங் ரூமில் பெயர்களைச் சரிபார்த்து உள்ளே விடு. உள்ளே இருக்கும் பிள்ளையே லிங்க்கை வெளியே கொடுத்துவிட்டால் பாஸ்கோடு எதற்கும் உதவாது.

சாட்டைத் திற. முழுக்க வேண்டாம், பிள்ளைகள் தங்களுக்குள் தனியாக எழுதிக்கொள்வதை மட்டும் நிறுத்திவிட்டு, உனக்கு எழுதும் வழியைத் திறந்து வை. கேள்வி கேட்டதும் "பதிலை டைப் பண்ணுங்க, நான் சொல்றவரைக்கும் அனுப்பாதீங்க" என்று சொல்லிப் பார். எல்லாப் பதிலும் ஒன்றாக வந்து விழும்; முதலில் போட்டவனைப் பார்த்து மற்றவர்கள் எழுத முடியாது. நேர் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இப்படி எழுதுவதை நீ பார்ப்பாய்.

இனி அந்தப் பையன்கள் விஷயம். நீ பெயர் சொல்லி எல்லோர் முன்னாலும் திட்டினாய் என்றாய். இரண்டு காரணங்களுக்காக எனக்கு அது பிடிக்கவில்லை. ஒன்று, ஸ்கிரீனில் தெரியும் பெயரை அன்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டிருக்க முடியும். செய்தவன் ஒருவன், திட்டு வாங்கியவன் இன்னொருவனாக இருக்கலாம். சாட் பதிவைச் சேமித்து, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற அறிக்கையையும் பார்த்த பிறகு கேள்.

இன்னொன்று, ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-இல் எழுதியது. ஆசிரியர்கள் எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதால் ஒழுங்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதைக் கண்டார். வகுப்பு முழுவதிலும் என்ன நடக்கிறது என்பது டீச்சருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகள் உணர்வதும், பாடம் தேங்காமல் ஓடுவதும்தான் வித்தியாசம் செய்தன. நீ கண்டிக்கும் நேரமெல்லாம் மற்றவர்களுக்குப் பாடம் நின்றுபோன நேரம். குறும்பு செய்தவனுக்கோ அது மேடை.

ஒரு பிள்ளையின் காதுக்கு மட்டும் கேட்கும்படி கண்டிப்பது என்னுடைய வகுப்பில் முடியாத காரியம். மெதுவாகச் சொன்னாலும் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். உனக்கு அது முடியும். பாடத்தை நிறுத்தாமலே "உன் மைக்கில் சத்தம் வருகிறது, பார்த்துக்கொள்" என்று அவனுக்கு மட்டும் எழுதலாம். அனுப்புமுன் யார் பெயர் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள். எல்லோருக்கும் போய்விட்டால் திட்டியதைவிட மோசம். அந்தத் தனிப் பேச்சு பள்ளியின் தளத்திலேயே, பதிவு இருக்கும் இடத்திலேயே நடக்கட்டும். உன் சொந்த நம்பரிலிருந்து பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் போகவே கூடாது. இது உனக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் பாதுகாப்பு.

அதற்கும் அடங்காவிட்டால் வெயிட்டிங் ரூமுக்கு அனுப்பு, நிதானித்த பிறகு கூப்பிட்டுக்கொள். ரிமூவ் பட்டனைத் தொடாதே. ஸூமில் அமைப்பை மாற்றி வைக்காவிட்டால், அப்படி நீக்கப்பட்டவர் அதே வகுப்புக்குத் திரும்ப வர முடியாது. ஐந்து நிமிஷத் தண்டனை என்று நீ நினைத்தது முழுப் பாடமும் போனதில் முடியும்.

மியூட் செய்வதற்கு முன்பும் கேள்வி கேட்டால் யாரும் பேசியதில்லை என்கிறாய். நீ எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் கவனித்தவரை, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாத பிள்ளைகள் குறைந்தார்கள். அவர் பார்த்தது நேர் வகுப்பு. உன் வகுப்பில் பிள்ளை யோசிக்க வேண்டும், மைக்கைத் தேடி அன்மியூட் செய்ய வேண்டும், அதற்குமேல் நெட் தாமதம். பத்து விநாடியாவது விடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதும் பல சமயம் அந்தத் தாமதத்தால்தான். நேரில் பேசும்போது ஒருவர் முடித்த கால் விநாடிக்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார். அந்தக் கணக்கு இணையத்தில் பொய்த்துப்போகிறது. அதற்குப் போய் மரியாதை தெரியாத பிள்ளை என்று பெயர் வைக்காதே.

கேமராவுக்காகச் சண்டை போடாதே. 2021-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கேட்டபோது, கேமராவை அணைத்து வைக்க அவர்கள் அதிகமாகச் சொன்ன காரணம் தங்கள் தோற்றத்தைப் பற்றிய கூச்சம். பின்னால் தெரியும் வீடு, வீட்டு ஆட்கள், பலவீனமான நெட் எல்லாமும் அந்தப் பட்டியலில் இருந்தன. முகம் தெரிந்தால் கவனிக்கிறான் என்றும் அர்த்தமில்லை. வகுப்புத் தொடக்கத்தில் ஒரு நிமிஷம் முகம் காட்டினால் போதும் என்று சொல்லிப் பார்.

பெற்றோருக்கு நீ எழுதும் மெசேஜ்களைக் கொஞ்சம் பார்த்து எழுது. "ஏன் இன்று வரவில்லை?" என்று நீ சாதாரணமாகக் கேட்டது, படிப்பவருக்கு அதட்டலாகக் கேட்கும். "இன்று காணவில்லை, எல்லாம் நலமா?" என்று எழுத இன்னும் மூன்று விநாடிதான் ஆகும். எந்த நேரத்துக்குப் பிறகு பதில் வராது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடு. நள்ளிரவில் குரூப்பில் பதில் போடும் டீச்சரிடம் நள்ளிரவில்தான் கேள்வி வரும்.

அந்தப் பையன்களைச் சேர்த்து வைத்துப் பேசாதே. தனித்தனியாக, பள்ளி சொல்லும் முறைப்படி, வேறொரு ஆசிரியரும் இருக்கும்போது பேசு. கிறுக்கியவன் நன்றாக வரைவான் என்று போன மாதம் நீயே சொன்ன ஞாபகம். பேசி முடித்தபின், அடுத்த அறிவியல் பாடத்தில் படத்துக்குப் பாகம் குறிக்கும் வேலையை அவனிடம் கொடுத்துப் பார். அந்த ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் ஸ்கிரீனில் எழுதும் வசதியைத் திறந்துவிடு. என்ன செய்தான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா