அப்பத்தா சொல்லாமல் விட்டது

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

மாண்டலே ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பத்தா நினைப்பாகவே இருக்கிறது. நீ பார்த்தேயிராத அப்பத்தா. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்குத் தெரிந்த பர்மீஸ் கடைவீதிக்குத்தான் காணும். மீன் விலை பேசுவாள், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரனோடு மல்லுக்கு நிற்பாள். உடம்பைப் பற்றிப் பேச அது போதாது. நானோ, தமிழ்ப் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு பர்மீஸில் படித்தவன். 1996-இல் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது சயாவுக்கும், அதாவது டாக்டருக்கும், அவளுக்கும் நடுவில் நான்தான் நின்றேன்.

"அடிவயிறு இழுத்துப் பிடிக்குதுப்பா, வாய்வா இருக்கும்" என்றாள். "லே", வாய்வு என்றேன் சயாவிடம். வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். அப்பத்தா என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "ஒண்ணுமில்லைன்னு சொல்லு." அப்படியே சொன்னேன்.

வாய்வுக்கு மாத்திரை எழுதினார். அவர் சொன்னதற்கெல்லாம் "ஹொக்கே சயா, ஹொக்கே சயா" என்றாள். அந்தச் சொல் நீ தினம் கேட்பது. புரிந்தது என்பதற்கும் அதுதான், காதில் விழுந்தது என்பதற்கும் அதுதான். வெளியே வராந்தா நிறைய ஜனம், அவருக்கும் நேரமில்லை.

எட்டு மாதம் கழித்து, வார்டில் சேலை மாற்றிவிட்ட தமிழ் ஆயாவிடம்தான் வாய் திறந்தாள். தீட்டு நின்று பன்னிரண்டு வருஷம் ஆனவளுக்கு மறுபடி இரத்தம் படுகிறது என்று. அது எதன் அறிகுறியாக இருக்கலாம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பையில் புற்று, அதற்குள் பரவியிருந்தது. பெற்ற மகனிடம் ஒரு தாய் அதை எப்படிச் சொல்லுவாள்? பாஷை தெரியும் என்று நின்ற நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

உன்னிடம் வேறு வேறு பாஷை பேசும் ஷான்காரர்கள் வருவார்கள், கச்சின்காரர்கள் வருவார்கள், நம் தமிழ்க் கிழவிகளும் வருவார்கள். தாய்க்காக மகன் பேசினால் அவனை டீக்கடைக்கு அனுப்பிவிடு. அவள் பாஷை தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, அப்புறம் கேள்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதே. பர்மீஸில் ஆனாதே என்பார்களே, பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாதென்ற அந்தச் சங்கடம், அது ஆமாம் என்றுதான் சொல்ல வைக்கும். "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேள். தினம் மூன்று வேளை என்பதைச் சீட்டில் டி.டி.எஸ். என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன தெரியும்? பக்கத்திலேயே காலைக்கு உதிக்கிற சூரியன், மத்தியானத்துக்கு உச்சிச் சூரியன், ராத்திரிக்கு ஒரு நிலா வரைந்து கொடு. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அப்பத்தாவின் அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெற்றிலைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தாள். அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயை நாளைக்கு மாண்டலே பஸ்ஸில் அனுப்புகிறேன். சீட்டையும் அதோடு வைக்கிறேன், எண்ணெய் படாமல் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா