லைவ் லொக்கேஷன ஆஃப் பண்ணச் சொல்லிடு கண்ணு

கண்ணு, சாப்டியா? வாய்ஸ் மெசேஜ்ல பேசலாம்னுதான் பாத்தேன், பக்கத்துல உன் நைனா படுத்துக்கினு இருக்காரு, அதான் டைப் பண்றேன், தப்பு கிப்பு இருந்தா நீயே சரியா படிச்சிக்க.

போன செவ்வாக்கெழம எம்.சி. ரோட்டுக்கு போனேன், உங்கக்கா பொண்ணுக்கு காதுகுத்துக்கு பாவாட சட்ட எடுக்க. அந்த பொண்ணு வேலை செய்யிற கடைக்குத்தான் போனேன், நம்ம வூட்டுக்கு வரப்போற பொண்ணாச்சே, ரெண்டு வார்த்த பேசிட்டு வருவோம்னு. அவ எனக்கு துணி எடுத்துப் போட்ட அரை மணி நேரத்துல அவ போன் ஒம்போது வாட்டி அடிச்சிது. ஒம்போதும் நீ. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நீ தூங்க வேண்டிய நேரம் அது. கடைசில என்ன பக்கத்துல நிக்க வெச்சி ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினா, அப்பால தான் அடிக்கிறது நின்னுச்சு. லைவ் லொக்கேஷன் எந்நேரமும் ஆன்லயே இருக்கணுமாமே? நான் எதுவும் கேக்கல, அவளாதான் சொன்னா, "அவருக்கு என் மேல ரொம்ப அக்கற அத்த"ன்னு. சிரிச்சிக்கினே சொன்னா. எனக்கு அந்த கடையிலயே எங்கனா ஒக்காரணும் போல ஆயிடுச்சு, ஏன்னா பத்தொம்போது வயசுல இதே வார்த்தைய நான் எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன், உன் நைனாவ பத்தி.

கோவப்படாம மேல படி.

தங்கச்சி படிக்கிற ஸ்கூல்ல நான் மேலாண்மைக் குழுல இருக்கேன்ல, போன வருஷம் அங்க ஒம்போதாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு மேல்கையெல்லாம் கன்னிப்போயி வந்துச்சு. கேட்டா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னுச்சு. அப்புறம் மாணவர் மனசு பெட்டின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அதுல துண்டு சீட்டு எழுதிப் போட்டுச்சு. பதினேழு வயசு பையன், லவ்வராம், இது வேற பையன் கூட சிரிச்சி பேசுனத பாத்துட்டு கைய முறுக்கியிருக்கான். அந்த சீட்டுல கடைசி வரி இன்னா தெரியுமா, எங்க வூட்ல மட்டும் சொல்லாதீங்க மிஸ், சொன்னா நைனா என்ன அடிக்க மாட்டாரு, எங்கம்மாவ அடிப்பாரு. அத எச்.எம் படிச்சி காட்டும்போது அங்க இருந்த பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கல. யார் வூட்டு கதைன்னு தெரியாம இல்ல, எல்லார் வூட்டு கதையும் தான். 2019-21ல எடுத்த குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல கல்யாணம் ஆனவங்கள்ல நூத்துக்கு 38 பேர் புருஷன்கிட்ட அடியோ கொடுமையோ பட்டிருக்காங்கன்னு வந்துதாம், எச்.எம் தான் சொன்னாங்க.

குழுல ரெண்டு பேரு உடனே டிசி குடுத்து அனுப்பிடுங்க, கல்யாணத்த பண்ணி வெச்சிரட்டும்னாங்க. பதினாலு வயசு பொண்ணுக்கு! நான் எழுந்து சத்தம் போட்டேன், அடி வாங்குனதும் அது, படிப்ப வுடறதும் அதுவான்னு. எச்.எம் 1098க்கு, அதான் புள்ளைங்களுக்கு உதவி பண்ற நம்பருக்கு, போன் போட்டாங்க, வந்து பேசினாங்க, அந்த பொண்ணு இப்ப பத்தாவது எழுதப்போவுது. அதோட அம்மாவையும் நாங்க ரெண்டு பேரு போயி பாத்தோம், மீன்பிடி தடைக்காலத்துல தான் போனோம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுங்க கடலுக்கு போவாது, ஆம்பளைங்க கையில காசில்லாம வூட்லயே கெடக்குற அறுபத்தோரு நாளு, அந்த நேரத்துல நம்ம தெருல எத்தினி வூட்ல சட்டி பறக்கும்னு உனக்கு நான் சொல்லித் தெரிய வேணாம்.

இப்ப சனிக்கெழம சனிக்கெழம பசங்களுக்கு ஒரு மணி நேரம் வெச்சிருக்கோம். தரையில ஒரு கோடு போட்டு, இந்த பக்கம் பாசம் அந்த பக்கம் அதிகாரம், நாங்க ஒண்ணு சொல்லுவோம் அவங்க போயி நிக்கணும். லவ் பண்ணா போன் பாஸ்வேர்ட் குடுக்கணும்னு சொன்னதும் பசங்க அத்தன பேரும் பாசத்து பக்கம் போயிட்டாங்க, பொண்ணுங்கள்லயே பாதி பேரு அங்க தான் நின்னாங்க. எனக்கு அதுதான் நெஞ்சுல நின்னுச்சு. நாங்க சொன்னா பசங்க காதுல ஏறாதுன்னு கேரம் சொல்லித்தர அண்ணன கூட்டியாந்தோம். மும்பைல கிரிக்கெட் கோச்சுங்கள வெச்சே பசங்களுக்கு பொண்ணுங்கள மரியாதையா நடத்தறத சொல்லிக் குடுத்திருக்காங்களாம், நமக்கு வியாசர்பாடின்னா புட்பால், ராயபுரம்னா பாக்சிங், காசிமேட்டுக்கு கேரம். அவரு ஸ்ட்ரைக்கர கையில வெச்சிக்கினே, வேணாம்னு ஒரு பொண்ணு சொன்னா அது வேணாம் தாண்டா, அதுக்கு மேல ஆட்டம் இல்லன்னு சொன்னாரு, ஒருத்தனும் வாய தொறக்கல. 2022 அக்டோபர்ல பரங்கிமலை ஸ்டேஷன்ல ரயில் முன்னாடி ஒரு பொண்ண தள்ளிவுட்டானே, அத பத்தியும் பேசினோம். பேப்பர்ல ஒருதலைக் காதல்னு போடுறாங்க. வேணாம்னவள கொல்றதுல காதல் எங்கடா இருக்குது, அந்த வார்த்தைய பாத்தாலே எனக்கு பத்திக்கினு வருது.

இதெல்லாம் ஊரான் புள்ளைங்களுக்கு சொல்றேன். உனக்கு சொல்லல. அதான் என் தப்பு.

உனக்கு பத்து வயசு இருக்கும், உன் நைனா கை ஓங்குன ஒடனே நீ ஓடிப் போயி டிவி சவுண்ட கூட்டுவ, பக்கத்து வூட்டுக்கு கேக்கக்கூடாதுன்னு. தங்கச்சி அப்ப கையில. மறுநாள் கிளாஸ்ல தூங்கி வழியுவ, அந்த டீச்சர் வெளிய முட்டி போட வெச்சிது, ராத்திரி ஏண்டா தூங்கலன்னு ஒரு வார்த்த கேக்கல. நானும் ஒருவாட்டி ஸ்டேஷனுக்கு போனேன், சமாதானம் பேசி அனுப்பிட்டாங்க. குடும்ப வன்முறை சட்டம் 2006லயே அமலுக்கு வந்துடுச்சாம், ஸ்டேஷனுக்கே போவ வேணாமாம், பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்களாம், அவங்ககிட்ட சொன்னாலே கோர்ட்டுக்கு மனு போவுமாம், வூட்ட வுட்டு என்ன வெளிய தள்ளவும் முடியாதாம். இப்ப பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் 181க்கு அடிச்சா போதும்னு தெரு தெருவா சொல்றேன், அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சிருந்தா மட்டும் போயிருப்பனான்னு கேட்டா, தெரியல கண்ணு, மூணு புள்ளைங்கள வெச்சிக்கினு.

இப்ப உன் நைனா அடிக்கிறதில்ல, சுகர்ல கை நடுங்குது. ஆனா ஆரம்பத்துல அவரு கூட அடிக்கல. எங்க போன, யார் கூட பேசுன, ஏன் லேட்டு, இதுதான் மொதல்ல. அப்போ செல்போன் இல்ல, மீன் கூடைய எறக்கி வெச்ச எடத்துலயே வந்து நிப்பாரு. நான் அத பெருமையா நெனச்சேன்.

நீ அவள ஒரு நாளும் கை நீட்ட மாட்டன்னு தான் நம்புறேன். டிவி சவுண்ட கூட்டுன புள்ள நீ, உனக்கு அந்த சத்தம் எப்படி இருக்கும்னு தெரியும். அதனாலதான் இப்பவே சொல்றேன். இன்னிக்கே அந்த லொக்கேஷன ஆஃப் பண்ணச் சொல்லு, போட்டோ கேக்காத. அவ எடுக்கலன்னா வேலையில இருக்கா, அவ்ளோதான். உனக்கு அங்க ஒண்டியா இருந்து மனசு அடிச்சிக்குதுன்னா அத அவகிட்ட வாய தொறந்து சொல்லு, இல்ல எங்கிட்ட சொல்லு. அவகிட்ட நான் எதுவும் பேசல. நீயே பேசி ஒரு வழிக்கு வருவன்னு இருக்கேன், ஆனா நீ மாறலன்னா காதுகுத்து அன்னிக்கு அவள ஒக்கார வெச்சி என் கதைய முழுசா சொல்லிடுவேன், அப்புறம் அவ எடுக்கிற முடிவுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்.

ரெண்டு நாள் கோவிச்சிக்கினு போன் பண்ணாம இருந்தாலும் பரவால்ல, மூணாவது நாள் பண்ணு. தங்கச்சிக்கு கணக்கு பரீட்ச வருது, அவளும் உன்ன கேட்டுக்கினே இருக்கா. மணி ஒண்ணே முக்கா ஆச்சு, ஏலத்துக்கு கெளம்பணும்.

அம்மா