வெள்ளை நாடாவுக்கு அப்பால்

வடபழனி,
ஜூன் 20

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பேரனுக்குக் கோயம்புத்தூரிலேயே கல்லூரி கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் இப்போது பரவாயில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியை நானே ஏறிவிடுகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உடம்பு அல்ல, ஒரு சினிமாப் படம். இந்தப் பத்து நாளில் அதை நான்கு தடவை பார்த்துவிட்டேன். உன்னிடம் கேட்டே ஆகவேண்டிய ஒரு விஷயம் அதில் இருக்கிறது.

அண்ணன் பேத்தி யாழினி கிராபிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அவர்கள் ஒரு சரித்திரப் படத்துக்குப் போர்க்களம் அமைத்துக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "தாத்தா, நீங்கள் எத்தனையோ சண்டைக் காட்சிகளை எடிட் செய்தவர். இதில் என்ன குறைகிறது, சொல்லுங்கள்" என்றாள். நாற்பதாயிரம் பேர் இரண்டு பக்கமிருந்தும் மோதுகிறார்கள். தூசி, கொடி, குதிரை, யானை எல்லாம் இருக்கின்றன. உழைத்துச் செய்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு எங்கோ நெருடியது. என்னவென்று வாயில் வரவில்லை. அதற்காகத்தான் அவளை உட்காரவைத்து "வாட்டர்லூ" படத்தைப் போட்டுக் காட்டினேன். நீ ராணுவத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது நாம் இருவரும் பார்த்துவிட்டு, வீடு வரை பேசிக்கொண்டே நடந்தோமே, அதே படம்.

1815இல் பெல்ஜியத்தின் வாட்டர்லூவில் பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனை, ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனும் அவனுக்குத் துணையாக வந்த ஜெர்மானிய பிரஷ்யப் படையும் தோற்கடித்த சண்டையின் கதை. படம் 1970இல் வந்தது. இத்தாலியத் தயாரிப்பாளர் தினோ தெ லாரெந்திஸும் மாஸ்கோவின் மாஸ்பிலிம் நிறுவனமும் சேர்ந்து எடுத்தார்கள். இயக்கியவர் செர்கெய் பொந்தார்ச்சுக். நெப்போலியனாக ராட் ஸ்டைகர், வெலிங்டனாக கிறிஸ்டோபர் பிளம்மர். அன்று நமக்கு அந்தக் குதிரைப்படையின் பாய்ச்சல் மட்டும்தான் மனத்தில் நின்றது. அதை எப்படி எடுத்தார்கள் என்பதைப் பிறகு தொழிலில் இருந்தபோதுதான் தேடித் தேடிப் படித்தேன். யாழினிக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

பெல்ஜியத்தில் சண்டை நடந்த உண்மையான இடம் இப்போது அன்று இருந்தபடி இல்லை. வெலிங்டன் பக்கம் நின்று போரிட்ட நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் காயம்பட்ட இடத்தில் நினைவுச்சின்னமாக 1826இல் நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்மேடு எழுப்பி, உச்சியில் சிங்கச் சிலையை வைத்தார்கள். அதற்கு வேண்டிய மண்ணைப் பக்கத்திலிருந்தே வெட்டி எடுத்தார்கள். வெலிங்டன் தன் படையை மறைத்து நிறுத்திய மேட்டுச் சரிவே அதில் கரைந்துபோயிற்று. பின்னாளில் வந்து பார்த்த வெலிங்டன், "என் போர்க்களத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று வருந்தியதாகச் சொல்வார்கள்.

அதனால் படக்குழு அன்றைய சோவியத் யூனியனில், உக்ரைனின் மேற்கு ஓரத்தில் உள்ள உஷ்ஹோரோத் ஊருக்கு வெளியே ஒரு வாட்டர்லூவை உண்டாக்கியது. இரண்டு குன்றுகளை புல்டோசரால் தள்ளினார்கள். 5 மைல் சாலை போட்டார்கள். 5,000 மரங்களைப் பெயர்த்து வந்து நட்டார்கள். ரை என்ற தானியத்தையும் பார்லியையும் விதைத்து, காட்டுப் பூக்களையும் வளர்த்து, பண்ணை வீடுகளைக் கட்டினார்கள். இத்தனையிலும் என்னைத் திகைக்க வைத்தது சேறு. சண்டைக்கு முந்தின இரவு கொட்டிய மழையால்தான், தரை காயட்டும் என்று நெப்போலியன் 1815 ஜூன் 18 அன்று முற்பகல் வரை காத்திருந்தான். அந்தச் சில மணி நேரம் பிரஷ்யப் படை வந்து சேர உதவியது. அந்தச் சேறு இல்லாமல் அந்தக் கதை இல்லை. ஆகவே பூமிக்கடியில் 6 மைலுக்கு மேல் குழாய் பதித்து, தண்ணீர் பாய்ச்சிச் சேற்றைப் பயிர் செய்தார்கள். நம் ஊரில் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டு, நான்கு பக்கமும் பீச்சியடித்துவிட்டு ஷாட் வைத்த எனக்கு, இதைப் படித்தபோது கை கூப்பத் தோன்றியது.

படை வேண்டுமே? சோவியத் ராணுவம் ஏறக்குறைய 17,000 பேரைக் கொடுத்தது. குதிரைப்படைப் பிரிவும் அதில் அடக்கம். களத்துக்குப் பக்கத்திலேயே முகாம். படப்பிடிப்புக்குப் பல மாதம் முன்பிருந்தே அவர்களுக்கு 1815ஆம் ஆண்டின் கவாத்து, வாள்வீச்சு, பீரங்கி கையாளுதல் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு உடை மாற்றும் கூடத்துக்கு அணிவகுத்துப் போவார்கள். பிரெஞ்சுக்காரராகவோ ஆங்கிலேயராகவோ பிரஷ்யராகவோ மாறி வெளியே வருவார்கள். பொந்தார்ச்சுக் வாக்கி டாக்கியில் அதிகாரிகளிடம் சொல்ல, அதிகாரிகள் ஆட்களை நகர்த்துவார்கள். அவர் பக்கத்திலேயே நான்கு மொழிபெயர்ப்பாளர்கள். ஐந்து கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும்: ஒன்று தரையில், ஒன்று கோபுரத்தில், ஒன்று ஹெலிகாப்டரில் என்று. மொத்தம் 28 வாரம். பொந்தார்ச்சுக் தாமே இரண்டாம் உலகப் போரில் செம்படையில் பணியாற்றியவர். படை என்றால் சோறு, செருப்பு, தண்ணீர், காத்திருப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது திரையில் தெரிகிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

மாலை நான்கு மணிவாக்கில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களோடு மேட்டின் மேல் ஏறி வருகிறான். எதிரில் ஆங்கிலேயக் காலாட்படை சதுரம் சதுரமாக நிற்கிறது. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். நான்கு பக்கமும் முகம் வெளியே. முன்வரிசை மண்டியிட்டு, துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றி, அதன் முனையில் மாட்டிய பயனெட் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கிறது. பின்வரிசைகள் சுடுகின்றன. எந்தக் குதிரையும் அந்த முள்வேலிக்குள் தானாகப் பாயாது. ஒதுங்கிச் சுற்றிக்கொண்டுதான் போகும். அப்படியானால் சதுரத்தின் பலம் முழுவதும், ஓடாமல் நிற்பதில்தான் இருக்கிறது. ஒருவன் திரும்பி ஓடினால் வாசல் திறந்துவிடும். அன்று வாட்டர்லூவில் திரும்பத் திரும்பக் குதிரைகள் வந்தும் அவர்கள் நின்றார்கள்.

படத்தில் அதைத் தரை மட்டத்திலிருந்து, குதிரைகள் நேராகச் சதுரத்தின் மீது வருகிற மாதிரி எடுக்கப் பொந்தார்ச்சுக் முயன்றிருக்கிறார். நிற்கிறவர்கள் உண்மையான சிப்பாய்கள். குதிரைகள் மோதாது என்று தெரியும். கையில் கட்டளை இருக்கிறது. குதிரைகள் எதுவரை வரும் என்று காட்டத் தரையில் வெள்ளை நாடாவைக்கூடப் போட்டார்கள். அப்படியும் குதிரைகள் நெருங்கியபோது யாரோ ஒருவன் கலங்கி ஓட, மற்றவர்களும் சிதறிவிட்டார்கள். திரும்பத் திரும்ப முயன்றும் நடக்கவில்லை. அந்தக் காட்சி படத்தில் இல்லை.

ஆனால் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ஷாட் இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்து வயலைச் சூழும்போது வரப்பு கட்டிய பாத்திகள் மட்டும் தனித்தனியே தெரியுமே, அப்படித் தெரிகின்றன சதுரங்கள். குதிரைகள் வெள்ளமாகச் சுற்றி ஓடுகின்றன. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு சதுரத்தின் விளிம்பு மெல்லக் கலைகிறது. சிவப்புச் சீருடைகள் புள்ளிகளாகப் பிரிந்து ஓடுகின்றன. பிறகு தயங்கித் தயங்கித் திரும்பி வந்து மறுபடி கோடாகச் சேர முயல்கின்றன. யாரும் நடித்துக் காட்டியதல்ல அது. வசனகர்த்தா எழுதிய ஒரு பயமும் இந்தப் படத்தில் இருக்கிறது: ஒரு இளம் சிப்பாய் சதுரத்தைவிட்டு வெளியே வந்து, முன்பின் பார்த்திராதவர்கள் ஏன் ஒருவரையொருவர் கொல்கிறோம் என்று கத்துவான். நல்ல காட்சிதான். ஆனால் மேலிருந்து தெரிகிற அந்தச் சிவப்புப் புள்ளிகள் என் வயிற்றைக் கலக்குவதுபோல அது கலக்கவில்லை.

ஏன் என்று யோசித்து ஒரு இரவு முழுக்கத் தூக்கமில்லை, சுந்தரம். பழைய நினைவு ஒன்று வந்துவிட்டது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் தனியாகப் படம் எடிட் செய்யத் தொடங்கியிருந்த காலம். ஒரு ராஜா கதை. செங்கல்பட்டுப் பக்கம் வறண்ட ஏரியில் 150 துணை நடிகர்களும் முப்பது குதிரைகளும் வைத்து எடுத்த போர். எடிட் செய்யாத பிலிமான ரஷ்ஷைப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டாம் வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள். ஒல்லி, ஒட்டு மீசை. குதிரைகள் தூசியோடு திரும்புகின்றன. இந்த ஆள் மரக் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பையனின் தலையை இரண்டு கையாலும் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். பையன் அவர் மகனா, யாரோவா, தெரியாது. மூன்று விநாடி. "வீரன் பயப்படலாமா? எடுத்துவிடு" என்றார் டைரக்டர். மூவியோலா எடிட்டிங் மெஷினில் குறியிட்டு, நான்கரை அடி பிலிமை வெட்டிக் கூடையில் போட்டேன். சாயங்காலம் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் அள்ளிக்கொண்டு போனாள். படத்திலேயே உண்மையான மூன்று விநாடி அதுதான். அதை என் கையாலேயே வெட்டினேன். வேண்டாம் என்று டைரக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

யாழினியிடம் இதைச் சொன்னபோது அவள் பேசாமல் இருந்தாள். பிறகு நான் கேட்டேன்: "உன்னுடைய நாற்பதாயிரம் பேரில் யாராவது பயப்படுகிறார்களா அம்மா?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பயப்பட வைக்கலாம் தாத்தா. இத்தனை பேர் பின்வாங்க வேண்டும், இத்தனை பேர் தடுமாற வேண்டும் என்று கொடுத்தால் செய்யும். ஆனால் யாரும் எங்களிடம் அதைக் கேட்கவில்லை." எனக்கு நெருடியது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் எல்லோரும் சாகிறார்கள், ஒருவன்கூடத் தயங்குவதில்லை. நம் பழைய பரணிக் கவிஞர்கூடத் தோற்றோடுகிற படையின் நடுக்கத்தை ஆற அமரப் பாடியிருக்கிறார்.

பொந்தார்ச்சுக்கின் படத்துக்குப் போட்ட பணம் திரும்பவில்லை என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் அதன் கடைசி அரைமணி நேரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. இருட்டும் வேளையில் வெலிங்டன் பிணங்களுக்கு நடுவே குதிரையில் போகிறான். ஒரே நாளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தும் காயம்பட்டும் கிடந்த நிலம் அது. தோற்ற போருக்கு அடுத்தபடியாகத் துயரமானது வென்ற போர்தான் என்று அவன் எழுதிய வார்த்தை அங்கே ஒலிக்கிறது.

அவன் பெயரைத் தாங்கிய நீலகிரி வெலிங்டனில்தான் நீ எத்தனையோ வருடம் பையன்களுக்குக் கவாத்துக் கற்றுக்கொடுத்தாய். உன் மதராஸ் ரெஜிமென்ட் தொப்பியில் இருந்த யானைச் சின்னம், 1803இல் அசாயேயில் அவன் தலைமையில் நின்ற மதராஸ் சிப்பாய்களுக்குக் கிடைத்தது என்று நீதானே எனக்குச் சொன்னாய். தான் செய்த சண்டைகளில் சிறந்தது எது என்று கேட்டபோது அவன் வாட்டர்லூவைச் சொல்லவில்லை, அசாயே என்றான் என்பதையும் உன் வாயால்தான் கேட்டேன். அதனால் உன்னிடம் கேட்கிறேன். முதல்முறை வெடிச்சத்தம் கேட்டு வரிசையைவிட்டு ஓடிய பையனை நீ என்ன செய்வாய்? அவன் முகம் எப்படி இருக்கும்? திரும்பி வந்து நிற்கும்போது எங்கே பார்ப்பான்? தோள் எப்படி இருக்கும்? யாழினி இதையெல்லாம் ஒரு நோட்டில் கேள்வியாக எழுதி வைத்திருக்கிறாள். டைரக்டரிடம் பேசி, நாற்பதாயிரம் பேரில் முன்வரிசை இருநூறு பேரையாவது தன் போக்கில் செய்துபார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாள்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் இருவரும் புறப்படுகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. குன்னூர் ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுகிறோம். படத்தைக் கொண்டுவருகிறேன், அந்த ஹெலிகாப்டர் ஷாட்டை உன்னோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓடியவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நீ எண்ணிச் சொல்.

தங்கை மீனாட்சிக்கு எங்கள் அன்பு. அங்கே மழை எப்படி, யாழினிக்குக் கம்பளிச் சட்டை போதுமா என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன்,
ராமநாதன்