மூட்டைக்குள் மூச்சுவிடும் தேயிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கேள்வி-பதிலை ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். 'தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்' என்று போட்டிருந்தீர்கள். பாதிதான் சரி. ஒளிச்சேர்க்கைக்குத்தான் வெளிச்சம் வேண்டும். சுவாசம் இரவு பகல் என்று பார்ப்பதில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். ஒருநாள் பச்சை இலை ஏற்ற வேண்டிய வண்டி சாயங்காலம் வரை வரவில்லை. சாக்கு பற்றாமல் காலால் மிதித்து அடைத்திருந்தோம். நாலு மணிக்கு ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன், சுட்டது. நடுவில் இருந்த கொழுந்தெல்லாம் சிவந்து கிடந்தது. இத்தனைக்கும் மூட்டைகள் நிழலில்தான் இருந்தன. பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்துக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. அதில் வரும் சூடு வெளியே போக வழியில்லை.

இதைச் சொன்னதும் பேத்தி மடக்கினாள்: "மூட்டைக்குள்ள இருட்டுதானே தாத்தா, அதுக்கு அது ராத்திரிதான்!"

நியாயமான கேள்வி. கேரட் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். மழைத் தண்ணீர் வடியாமல் நின்ற பாத்தியில் செடிகள் நல்ல வெயிலிலேயே வாடியிருந்தன. வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. வேரில் பச்சையம் ஏது? இலை அனுப்பும் சர்க்கரையை வைத்துக்கொண்டு அது பகலெல்லாம் சுவாசித்தாக வேண்டும். 1779-லேயே இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இதைக் கண்டு எழுதிவிட்டார்: பச்சை பாகங்கள் வெயிலில் காற்றைத் தூய்மையாக்குகின்றன, வேரும் பூவும் காயும் எந்நேரமும் அதைக் கெடுக்கின்றன.

பச்சை இலையும் பகலில் சுவாசிக்கிறது. இலையின் செல்லுக்குள் பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகம் கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை செய்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. அதே செல்லில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற இன்னொரு நுண்ணுறுப்பு அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து, மறுபடி கரியமில வாயுவும் நீருமாக்கி, செல்லுக்கு வேண்டிய ஆற்றலை எடுக்கிறது. வெயிலில் முதல் வேலை பல மடங்கு வேகமாக நடப்பதால் மிஞ்சும் ஆக்சிஜன்தான் நம் கண்ணில் படுகிறது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் கொஞ்ச நேரம் இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும்.

பொருள்கள் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆற்றல் அப்படித் திரும்புவதில்லை. ஒளியாக வந்தது சூடாகப் போய்விடும். அன்றைக்கு மூட்டைக்குள் என் கையைச் சுட்டது அந்த இலை எப்போதோ வாங்கி வைத்த வெயில்தான்.

எங்கள் ஊர் உருளைக்கிழங்கும் இந்தக் கணக்கில்தான் விளைகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரு மடங்காகும். இங்கே ராத்திரி குளிர்வதால் பகலில் செய்த சர்க்கரையைச் செடி அதிகம் செலவழிப்பதில்லை. மிச்சம் கிழங்கில் இறங்குகிறது. சமவெளிக்காரர்கள் பனிக்காலம் பார்த்து உருளை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவில் மரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டும் என்ற பயத்தையும் உங்கள் பதில் ஊதிவிட்டிருக்கிறது. மரம் விடும் கரியமில வாயு திறந்தவெளியில் கலைந்துவிடும். மரத்தைவிடப் பக்கத்தில் குறட்டை விடுபவரைப் பற்றிக் கவலைப்படலாம்.

திருத்தம் போட்டால் அதே அளவு எழுத்தில் போடுங்கள். நோட்டில் அந்தத் துண்டுக்குக் கீழே பேத்தி இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி