ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு

அன்புத் தோழிக்கு,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ விசாரித்த, நம் நூலகத்து மூன்றாவது அலமாரிக்காரர் சௌக்கியம், இன்னும் அதே அலமாரிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நூலகத்தை எதிர்காலத்துக்கு ஏற்ப மாற்றப்போகிறார்களாம். நாளிதழ் படிக்கும் கூடம் பாதியாகச் சுருங்கும். புத்தகம் வாங்கும் பணத்தில் பெரும்பகுதி மின்நூல்களுக்குப் போகும். ஆட்களைக் குறைத்துவிட்டு வாசலில் ஒரு இயந்திரம் வைப்பார்கள். இதைப் பற்றி வருகிற ஞாயிறு நடக்கும் கூட்டத்தில் வாசகர் வட்டத்தின் சார்பாகப் பேச வேண்டியவள் நான். மேடை என்றாலே துள்ளிக் குதிக்கிற நீ ஊர் மாறிப் போய் உட்கார்ந்திருக்கிறாய்!

போன மாதம் கேட்டிருந்தால் 'நல்லதுதானே' என்றிருப்பேன். வரிசையில் நிற்பது மிச்சம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒன்றைப் பார்த்தேன், அதோடு மனசு மாறிவிட்டது.

ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் நாலாய் மடித்த தாள்கள். ஓய்வூதிய விஷயமாக ஏதோ அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். 'எல்லாம் ஆன்லைனில்தான்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நம் நூலகர் அக்கா அவரைக் கணினி முன் உட்காரவைத்து, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறந்த தேதியை அடிக்கவே ஐந்து நிமிடம். ஓ.டி.பி. வந்தது, எண்களைத் தேடி முடிப்பதற்குள் காலாவதியானது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை அவர் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, அவள் விரல் வைத்து விசையைக் காட்டினாள். அவர் கடவுச்சொல் அடிக்கும்போது மட்டும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் அவர், 'எவ்வளவும்மா?' என்று சட்டைப் பையைத் தடவினார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் உடனே கிளம்பவில்லை. நாளிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாற்காலியைத்தான் எடுக்கப்போகிறார்கள்.

எல்லாச் சேவையும் திரைக்குள் போகப் போக, திரையைக் கையாளத் தெரியாதவர் வந்து கேட்க ஒரு இடம் வேண்டாமா? காசு கேட்காத, 'எதுக்கு வந்தீங்க' என்று விசாரிக்காத இடம் வேறு எங்கே மிச்சம் இருக்கிறது, சொல்! நான் மாற்றத்துக்கு எதிரி இல்லை. ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் 'ஊடி' நூலகத்தைத் திறந்தார்கள், பாராளுமன்றத்துக்கு எதிரிலேயே. தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, இசைப் பதிவறை எல்லாம் உண்டு. ஆனால் மேல்தளம் முழுக்கப் புத்தகமும் உட்கார இடமும்தான். அமெரிக்காவில் ஃபெர்குசன் என்ற ஊரில் 2014இல் கலவரம் மூண்டு பள்ளிகளைத் திறக்க முடியாமல் போனபோது, நூலகம் திறந்திருந்தது. ஆசிரியர்கள் பிள்ளைகளை அங்கே கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார்கள். இதையெல்லாம் எந்த இயந்திரம் செய்யும்?

அப்புறம் அந்த மின்நூல் கணக்கு. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்நூலுக்குப் பெரும்பாலும் உரிமம் மட்டும்தான் கிடைக்கும். பெரிய பதிப்பகங்கள் பலவும் 2 ஆண்டு என்று கெடு வைக்கின்றன, அது முடிந்தால் மறுபடி பணம். 2011இல் ஒரு பெரிய பதிப்பகம் 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் தீர்ந்துவிடும் என்றே விதி போட்டது. நாம் எட்டாம் வகுப்பில் சண்டை போட்டுப் புரட்டிய அகராதி நினைவிருக்கிறதா? முதுகில் நூல் போட்டுத் தைத்து இன்னும் வைத்திருக்கிறார்கள். அதை எத்தனை நூறு பேர் தொட்டிருப்பார்கள்! கண் மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட மின்நூல் கட்டாயம் வேண்டும், அம்மாவைப் பார்த்தபின் அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அலமாரியை வாடகைச் சரக்கால் நிரப்பினால், பணம் குறைகிற வருடம் என்ன மிஞ்சும்?

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினாரே, அதில் கடைசி விதி நூலகம் ஒரு வளரும் உயிர் என்கிறது. கூட்டம் கூட்டியவர்கள் அழைப்பில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். நாலாவது விதி வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்தப் பெரியவருக்கு அன்று ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியது அக்காதான். இதை வைத்தே பேச்சைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். சரியாக வருமா? நீ குறுக்கே கேள்வி கேட்டு மடக்குவாயே, அதை இப்போதே எழுதி அனுப்பு. அங்கே உன் நூலகத்தில் சாயங்காலம் யார் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்றும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துச் சொல்.

விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்க்க அந்தப் பெரியவர் வெள்ளிக்கிழமை வருகிறாராம். அக்காவுக்கு அன்று விடுப்பு. நான் போய் உட்காரப்போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி