வடக்கே வண்டி விடும் நண்பர்களுக்கு: ஸ்பாட் லைட் பல்பை மாற்றும் முன்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு உட்லண்ட்ஸ் தாண்டி மலேசியாவுக்குள் மோட்டார்சைக்கிள் விடும் சிங்கப்பூர்த் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் பன்னிரண்டு வண்டிகளாக மெர்சிங் போனோம், நினைவிருக்கும். கோத்தா திங்கி தாண்டியதும் இருட்டு. யானை கடக்கும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் அந்தச் சாலையில் எதிரே ஒரு சின்ன வண்டி வந்தது. நம் வரிசையில் நாலைந்து பேரின் ஸ்பாட் லைட், அதாவது ஹெட்லைட்டுக்கு மேல் கூடுதலாக மாட்டிய விளக்கு, ஒரே நேரத்தில் முகத்தில் அடித்ததும், ஓட்டி வந்தவர் இடது கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். வண்டி அலைந்து ஓரப் புல்லில் இறங்கி நின்றது. நல்லவேளை, விழவில்லை. பின்னால் ஒரு அம்மா, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வண்டி என்பதால் இதைப் பார்த்தேன். முன்னால் போனவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

திரும்பி வந்ததிலிருந்து உங்களில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள்: “அண்ணே, இன்னும் பிரைட்டா எந்த பல்ப் போடலாம்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன்.

வெளிச்சம் கேட்பது நியாயம்தான். மழை கொட்டும்போது சாலையில் குழி எங்கே, மாடு எங்கே என்று தெரியாமல் ஓட்டுவது எவ்வளவு பயம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பல்ப் வாங்கும் முன் ஒரு வேலை பாருங்கள். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பாட் லைட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்: பேட்டரி முனையில் ஒன்று, பல்ப் ஹோல்டரில் ஒன்று.

என் வண்டியில் பேட்டரியில் 14.1 வோல்ட் இருந்தது. ஹோல்டரில் 12.3தான். நடுவில் இருந்த மெல்லிய வயரும், ஹேண்டில்பாரில் இருக்கும் குட்டி சுவிட்சும், துருப்பிடித்த எர்த் போல்ட்டும் மீதியைத் தின்றுவிட்டன. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். அப்புறம் பேட்டரியிலிருந்து நேராக 15 ஆம்ப் ஃபியூஸ், ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), தடித்த வயர், புது எர்த் என்று போட்டேன். ஹோல்டரில் 13.8 வந்தது. அதே பழைய 55 வாட் பல்ப், கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெளிச்சம். பல்பின் ஆயுள் நன்றாகவே குறையும், அது மட்டும்தான் விலை. செலவு ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்கு ஆகும் காசு.

இதைக் கற்றுக்கொள்ளும் முன் நான் வேறு வழியில் போனேன். ஒரு கடையில் 100 வாட் பல்ப் இரண்டு வாங்கினேன். “வயரெல்லாம் தாங்கும்” என்றார்கள். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 15 ஆம்ப் இழுக்கும், இரண்டு 55 வாட் பல்புகள் எட்டு ஆம்புதான் கேட்கும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. இரண்டே வாரம். ஆயர் ஈத்தாம் பக்கம் மழையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, இரண்டு விளக்கும் சேர்ந்து போய்விட்டன. விடிந்ததும் கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் உருகி பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒளியை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு நடுவில் பழுப்பாகிவிட்டது. அது அப்படி மங்கிவிட்டால் எந்த பல்ப் போட்டாலும் பிரயோசனம் இல்லை.

2பி உரிமத்தில் 200 சிசி வரையிலான சின்ன வண்டி வைத்திருக்கும் தம்பிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே 200 வாட்டுக்கும் குறைவு. 1995 நவம்பரிலிருந்து சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் பகலிலும் ஹெட்லைட் போட்டே ஓட வேண்டும், ஆகவே அந்தப் பங்கு எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். மீதியில் இக்னிஷன், பெட்ரோல் பம்ப் எல்லாம் ஓட வேண்டும். அதற்கு மேல் இரண்டு 55 வாட் பல்ப் மாட்டினால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பேட்டரி இறங்கும்.

சரி, பல்பையே மாற்றுவதென்றால்? முதலில் ஹோல்டரில் என்ன வகை என்று பாருங்கள். நம்மில் பலரிடம் இருப்பது எச்3. அதே வகையில், அதே 55 வாட்டில், வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் எண்ணும் கொண்ட தர முத்திரை பொறித்த நல்ல பல்ப் வாங்குங்கள். டப்பாவில் ‘50 சதவீதம் கூடுதல்’ என்று போட்டிருப்பது மொத்த வெளிச்சத்தைப் பற்றியது அல்ல. இழையை நெருக்கமாகச் சுற்றி, சாலையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கூடுதலாக விழ வைத்திருப்பார்கள். பயன் உண்டு, ஆனால் சீக்கிரம் போகும், ஆகவே பெட்டியில் ஒன்று உபரியாக இருக்கட்டும். நீலச் சாயம் பூசியதை வாங்காதீர்கள். பார்க்க வெள்ளையாக இருக்கும், உண்மையில் அந்தப் பூச்சு வெளிச்சத்தின் ஒரு பங்கை விழுங்கிவிடும். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் சூடேறி பல்ப் வெடிக்கவும் கூடும்.

இனி எல்இடி. இதில்தான் எனக்கு மனவருத்தம். எச்3 பல்பின் இழை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கம்பிச் சுருள், பல்புக்குக் குறுக்காகக் கிடக்கும். அந்த ஒரு இடத்தை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். அங்கே எல்இடி பல்பைச் செருகினால் ஒளி கிளம்பும் இடமே மாறிவிடுகிறது. எங்கள் பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் ஒரு தம்பியின் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தோம். இடது பக்கம் ஹாலஜன், வலது பக்கம் எல்இடி. ஹாலஜனின் ஒளி பட்டையாகப் படுத்திருந்தது. எல்இடி அடித்த ஒளி சுவரின் உச்சிவரை சிதறி, மேலே இருந்த குழாயெல்லாம் தெரிந்தது. அந்தக் குழாய் உயரத்தில்தான் எதிரே லாரி ஓட்டி வருபவரின் கண் இருக்கும். தம்பிக்கோ தன் விளக்கு பிரமாதமாகத் தெரிந்தது, ஏனென்றால் பக்கத்தில் இருந்த தரை பளிச்சென்று மின்னியது. தொலைவில் விழ வேண்டியது குறைந்திருந்தது.

எல்இடிதான் வேண்டும் என்றால் பல்பை விட்டுவிட்டு, எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கை வாங்குங்கள். மின்சாரமும் குறைவாகவே இழுக்கும், சின்ன வண்டிக்கு அதுவே நல்லது. ஆனால் காசு கொடுக்கும் முன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையதளத்தில் மாற்றங்கள் பற்றிய விதிகளைப் படியுங்கள். பரிசோதனை நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டால் மாட்டிய கூலியும் கழற்றும் கூலியும் உங்கள் தலையில்.

அந்த அம்மா உட்கார்ந்திருந்த வண்டிக்கு நாம் செய்ததைத் தடுக்க ஒரே ஒரு வயர் போதும். ரிலேவைத் தூண்டும் வயரை ஹை பீம் வயரிலிருந்து எடுங்கள். எதிரே வண்டி கண்டதும் டிப் செய்தால், அதாவது ஹெட்லைட்டைத் தாழ்வான ஒளிக்கு மாற்றினால், ஸ்பாட் லைட்டும் கூடவே அணையும். தனி சுவிட்சில் வைத்தால் அந்த அவசரத்தில் யார் கையும் அங்கே போகாது. நம் வரிசையில் அன்று அப்படித்தான் நடந்தது. பரந்து விழும் பனிவிளக்கு மட்டும் தாழ்வாகக் குறிவைத்திருந்தால் டிப்போடு எரியலாம். குறிவைக்கும்போது பெட்டிகளில் சாமான் இருக்கட்டும், நீங்களும் பின்னால் உட்காருபவரும் ஏறி உட்காருங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு மேலே தூக்கும், காலி வண்டியில் வைத்த குறி அங்கே பொய்யாகிவிடும்.

வரும் சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு அதே மேல்தளத்தில் இருப்பேன். மல்டிமீட்டர், சுவரில் ஒட்ட டேப், ரிலே ஆறு, வயர் ஒரு சுருள் கொண்டு வருகிறேன். அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் வண்டியோடு வந்துவிடுங்கள், பின்னால் உட்காருபவரையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்,
கடைசி வண்டிக்காரன்