நேற்று புத்தகப் பை, இன்று மூளையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வளரிளம் பிள்ளைகளின் முதுகுத்தண்டு வளைவைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நான் கையில் எடுப்பதற்குள் பத்தாவது படிக்கும் என் மகள் படித்துவிட்டாள். ‘முதுகு கோணுவதற்கு மூளைக் கோளாறே காரணம்’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, “எனக்கு மூளையிலயும் கோளாறாம்மா?” என்று கேட்டாள். அவளுக்கும் அந்த வளைவு உண்டு. அதற்காக உடம்பைச் சுற்றிப் போடுகிற பிளாஸ்டிக் கூடான பிரேஸை அன்று ராத்திரி மாட்ட மாட்டேன் என்று படுத்துவிட்டாள்.

நான் தையல்காரி. போன வருஷம் ஜூனில் இவளுக்கு யூனிஃபார்ம் டாப் தைத்துப் போட்டுப் பார்த்தால், வலது பக்கம் கீழ்விளிம்பு முக்கால் இஞ்ச் ஏறி நின்றது. வெட்டினதில் பிசகிவிட்டது என்று பிரித்துத் திரும்பத் தைத்தேன். மறுபடியும் அதே கதை. இடது தோளில் துணியை மடித்துப் பேடு வைத்துச் சமாளித்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்கு, சரியில்லாதது துணியல்ல என்று உறைக்கவில்லை. மூணு மாசம் கழித்து, தரையில் விழுந்த ஊக்கை அவள் குனிந்து எடுத்தபோதுதான் வலது விலாப் பக்கம் மேடு தட்டியிருப்பது கண்ணில் பட்டது. எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டின் வளைவு 32 டிகிரி.

அந்த மூணு மாசத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு ஐயா. ‘பை கனத்தால் முதுகு வளையும்’ என்று இரண்டு வருஷத்துக்கு முன் இதே பக்கத்தில்தான் எழுதினீர்கள். அதை நம்பி நான் பையை எடை போட்டுக்கொண்டிருந்தேன், முதுகைப் பார்க்கவில்லை. பை கனத்தால் தோள் வலிக்கும், சரி. இந்த வளைவு அதனால் வருகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று டாக்டர் சொன்னபோது உங்கள் இதழைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்போதே ஒரு கடிதம் போட்டேன். அது எந்தக் கூடைக்குப் போனதோ!

அப்புறம் சொந்தக்காரர்கள். ஒருக்களித்துப் படுக்கவிட்டாயா, கால்சியம் கொடுக்கவில்லையா என்று என்னைக் குடையாதவர் இல்லை. ஞானசம்பந்தர் கூன் பாண்டியனை நிமிர்த்தினாரே, நீயும் தேவாரம் படி என்றார் ஒரு பெரியம்மா. அவர்கூட மூளையில் கை வைக்கவில்லை.

மூளைக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாமல், முதுகும் வளைந்துகொண்டே போகும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. மூளைத்தண்டில் குறுக்கே கடக்க வேண்டிய நரம்புப் பாதைகள் கடக்காததால் வருவது. அதற்கான ரோபோ3 என்ற மரபணுவை 2004இல் கண்டுபிடித்தார்கள். கோழிக்குஞ்சுகளுக்கு மூளையிலுள்ள பீனியல் சுரப்பியை எடுத்துவிட்டாலும் முதுகு வளைகிறது. ஆனால் குரங்குகளில் அப்படி நடக்கவில்லை. என் மகளைப் போன்ற பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்ததில் சில வித்தியாசங்கள் தெரிந்ததும் உண்மைதான். அந்த வித்தியாசத்தால் முதுகு வளைந்ததா, முதுகு வளைந்ததால் அந்த வித்தியாசமா? கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான். இந்த வளைவு உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் காரணம் தெரியாது என்றுதான் மருத்துவமே சொல்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல் சேர்த்தால் பக்கத்தில் இடம் பத்தாதோ?

இடம் இல்லாமலும் இல்லை. கட்டுரைக்குக் கீழேயே கால் பக்கத்துக்கு ‘நிமிர்த்தும் பெல்ட்’ விளம்பரம் இருந்ததே. பிரேஸ் வேறு, அந்த ரப்பர் பட்டை வேறு. 2013இல் வந்த அமெரிக்க ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாதவர்களில் 48 பேருக்குத்தான் அப்படி. அதுவும் தினம் 13 மணி நேரமாவது போட்டால்தான் நல்ல பலன். பாளையங்கோட்டை வெயிலில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் 13 மணி நேரம்! உள்ளே போட அவளுக்குத் தையல் உறுத்தாத பருத்தி பனியன் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் இடுப்பில் வேர்க்குரு. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த பிள்ளைதான் உங்கள் ஒரு வரியில் கழற்றி வைத்தாள். மறுபடி மாட்ட வைக்க எனக்கு நாலு நாள் ஆனது.

உங்கள் தலையங்கத்தில் அதிகாரிகளைத் திட்ட ‘முதுகெலும்பில்லாதவர்கள்’ என்று எழுதுவதையும் அவள் படிக்கிறாள். “எனக்கு இருக்குல்லம்மா, எஸ் மாதிரி” என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாலு வரியில் ஒரு திருத்தம். கூடவே ஒரு கட்டம்: பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, கால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளைக் கூப்பி, முன்னால் குனியச் சொல்லுங்கள், பின்னால் நின்று முதுகின் ஒரு பக்கம் மேடாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வில்லியம் ஆடம்ஸ் என்ற லண்டன் டாக்டர் 1865இலேயே சொன்னது இது. அளவு நாடாகூட வேண்டாம்.

ஜூனுக்குள் போட்டீர்கள் என்றால் நல்லது. யூனிஃபார்ம் தைக்க வருகிற அம்மாக்கள் பார்க்கிற மாதிரி கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
17 வருஷ வாசகி,
பாளையங்கோட்டை